தேசம்மா வீடு

ஜூன் 3, செவ்வாய்

அரிசி மண்டிக்காரர் பொங்கலுக்குக் கொடுத்த டைரி இது. இத்தனை மாதம் பரண்மேல் கிடந்தது. இன்றைக்கு எடுத்துத் தூசி தட்ட வேண்டியதாகிவிட்டது. ஒற்றை அறையில் மூன்று பேர் இருக்கிற வீட்டில் மனசில் இருப்பதை வாய்விட்டுச் சொல்ல முடியாது. சொன்னால் இவருக்குக் கோபம் வரும், சங்கவிக்குப் படிப்பு கெடும். எழுதினால் யாருக்கும் தொந்தரவு இல்லை.

விஷயம் இதுதான். எங்கள் குடியிருப்பை வாரியம் இனிமேல் தன் கையில் வைத்துக்கொள்ளப் போவதில்லையாம். யார் பேரில் வீடு ஒதுக்கினார்களோ அவர்கள் பேருக்கே கிரயப் பத்திரம் போட்டுக் கொடுத்துவிடப் போகிறார்களாம். மிச்சத் தவணையைக் கட்டினால் வீடு சொந்தம். காலையில் என்னிடம் இட்லி மாவு வாங்க வந்தவர்கள் எல்லோருக்கும் இதே பேச்சுதான். இரண்டாவது மாடியில் யாரோ கேசரி கிண்டி வீட்டுக்கு வீடு கொடுத்தனுப்பினார்கள். எனக்கு வந்ததை நான் அப்படியே மூடி வைத்துவிட்டேன்.

ஏனென்றால் ஜி பிளாக்கில், கீழ்த்தளத்தில் இருக்கும் இந்த வீடு எங்கள் பேரில் இல்லை. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், கல்யாணமான புதிதில், இவர் ஒருவரிடம் ஸ்டாம்பு பேப்பரில் எழுதி வாங்கியது. வாரிய வீட்டை விற்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. ஆனாலும் இங்கே பாதிப் பேர் அப்படி வந்தவர்கள்தான். வாரியத்தின் கணக்கில் இன்றைக்கும் இது தேசம்மா என்கிற பெண்ணின் வீடு. கரண்ட் பில் தேசம்மா பேரில் வருகிறது. சிலிண்டர் கொண்டுவருகிறவர் வாசலில் நின்று "தேசம்மா வீடு" என்று கூவுகிறார். இந்த பிளாக்கில் எல்லா வீட்டுக்கும் அப்படித்தான். ஆள் போனாலும் பேர் வீட்டிலேயே தங்கிவிடும். நான் தேசம்மா வீட்டு தேவகி. இதுவரைக்கும் அதில் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை.

அந்த தேசம்மாவை நான் பார்த்ததுகூட இல்லை. எழுதிக் கொடுத்தது அவள் புருஷன்.

ஜூன் 5, வியாழன்

குடியிருப்போர் சங்கக் கூட்டம். தலைவர் லாசர் பிளாஸ்டிக் நாற்காலியில் ஏறி நின்று பேசினார். நாற்காலி எப்போது உடையும் என்றுதான் பாதிப் பேர் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"வாரியத்துலேர்ந்து வீடு வீடா கணக்கெடுக்க வர்றப்போ ஒரிஜினல் பார்ட்டி வீட்ல இருக்கணும். இல்லன்னா சீல் வெச்சிட்டுப் போயினே இருப்பாங்க. நான் சொல்றத சொல்லிட்டேன். அப்பால என்னை வந்து கேக்காதீங்க."

யார் அவருக்குச் சொன்னார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. பயந்தவர்களுக்கு அந்தக் கேள்வியெல்லாம் தோன்றாது.

எங்களுக்கு நேர் மேல்வீட்டு மோகனாவுக்கும் எங்கள் கதைதான். திரும்பி வரும்போது சொன்னாள், "நான் உள்ளதைச் சொல்லிடப் போறேன்க்கா. எங்களுக்கு வித்தவங்க உசுரோட கீறாங்களான்னே தெரியாது."

"சொல்லு. நீ சொல்லி முடிக்கிறதுக்குள்ள அவங்க பூட்டை மாட்டிட்டுப் போவட்டும்" என்றேன். பாவம், அவளுக்கு முகம் சுருங்கிப்போயிற்று.

இவர் தேசம்மாவைத் தேடிப் பிடித்துக் கூட்டிவந்து வீட்டில் உட்காரவைத்துவிடலாம் என்கிறார். "ரெண்டு நாள் வேலை" என்கிறார். பாத்ரூம் தரையைக் கொத்திப் போடுவதுகூட ரெண்டு நாள் வேலை என்றுதான் சொன்னார். போன தீபாவளிக்கு முந்தின தீபாவளி.

ஜூன் 8, ஞாயிறு

தேசம்மாவின் புருஷன் செத்துப் பல வருஷம் ஆகிறதாம். அவனுடைய தம்பி பஞ்சர் கடை வைத்திருக்கிறான், அவனிடம் விலாசம் கிடைத்தது. இவர் சரக்கு ஏற்றும் குட்டியானை வண்டியிலேயே மீஞ்சூர் போனோம்.

வரிசையாக ஆஸ்பெஸ்டாஸ் போட்ட அறைகள். அதில் கடைசி. கல்யாண மண்டபத்தில் பெருக்குகிற வேலையாம், அப்போதுதான் வந்திருந்தாள், தலையில் தூசி. நான் ஒரு பெரிய ஆகிருதியை, சண்டைக்காரியை நினைத்துக்கொண்டு போயிருந்தேன். என்னைவிட ஐந்தாறு வயதுதான் மூத்தவளாக இருப்பாள். ஆனால் பார்த்தால் அம்மா வயது சொல்லலாம். எங்களுக்கு உட்கார பாய் போட்டுவிட்டு அவள் வாசற்படியில் உட்கார்ந்தாள்.

இவரைப் பேசவிட்டால் காரியம் கெடும் என்று நானே ஆரம்பித்தேன்.

"வீடு இன்னும் உங்க பேர்லதான்க்கா இருக்குது. கணக்கெடுக்க வர்ற அன்னிக்கு நீங்க இருந்து, இது என் வீடுன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும். அப்புறம் பத்திரம் வந்ததும் எங்க பேருக்கு மாத்திக் குடுத்துடுங்க. நாங்களும் உங்களை வெறுங்கையோட அனுப்பமாட்டோம்."

"எம் பேர்லயா?"

"ஆமாக்கா. வாரியத்துல பொம்பளைங்க பேர்லதானே எழுதுவாங்க."

"எம் பேர்லயா கீது?"

காது மந்தம் போலிருக்கிறது என்று சத்தமாக இன்னொரு தடவை சொன்னேன். அவள் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "வர்றேன். வீட்டைப் பாக்கணும்" என்றாள். அவ்வளவுதான். எவ்வளவு கொடுப்பீர்கள் என்றுகூடக் கேட்கவில்லை.

வரும் வழியெல்லாம் இவருக்கு ஒரே உற்சாகம். எனக்கு இல்லை. பேரம் பேசுகிறவர்களிடம் எனக்குப் பயம் கிடையாது. பேசாதவர்களை எப்படிச் சமாளிப்பது என்று தெரியாது.

ஜூன் 11, புதன்

வந்துவிட்டாள். இரண்டு பெரிய பைகள், ஒரு மூட்டை, ஒரு குக்கர். இரண்டு நாளைக்கு எதற்குக் குக்கர்?

உடனே உள்ளே வரவில்லை. நிலைப்படியைத் தொட்டுப் பார்த்தாள். "கதவு மாத்திட்டீங்களா?" என்றாள். பெருவெள்ளத்தில் கதவு ஊறி உப்பிப்போனதையும், இடுப்பளவு சாக்கடைத் தண்ணீரில் நான் கிரைண்டரைக் காப்பாற்றிய கதையையும் சொன்னேன். கொஞ்சம் கூட்டித்தான் சொன்னேன். இந்த வீட்டுக்காக நாங்கள் பட்ட பாடு அவளுக்கும் தெரியட்டுமே.

ஏற்பாடு இதுதான். வீடு தேசம்மாவுடையது. நான் அவளுடைய சித்தி மகள். சங்கவியின் பள்ளிக்கூடத்துக்காக வந்து தங்கியிருக்கிறோம். பக்கத்து வீடுகளுக்கெல்லாம் பாடம் சொல்லிக் கொடுத்தாயிற்று. ஆளுக்கு ஒரு கிண்ணம் மாவு இலவசம்.

சங்கவி கேட்கிறாள், "நம்ம வீட்டுக்கு நாமளே விருந்தாளியாம்மா?" பிளஸ் டூ வந்ததிலிருந்து வாய் நீளம்தான்.

ஜூன் 12, வியாழன்

கணக்கெடுக்க யாரும் வரவில்லை. மண்டியில் இட்லி அரிசி நன்றாக இல்லை, குருணை அதிகம்.

சாயங்காலம் தேசம்மா கிரைண்டருக்குப் பின்னால் சுவரைத் தடவிக்கொண்டிருந்தாள். என்ன தேடுகிறாள் என்று கேட்டேன். "இங்க ஒரு மாடம் இருந்துச்சு. விளக்கு வெப்பேன்." கிரைண்டர் வைப்பதற்காக நாங்கள்தான் அதை அடைத்தோம். அடைத்தது நல்லதுக்குத்தான், இல்லாவிட்டால் கிரைண்டரை எங்கே வைப்பது? இதை எழுதும்போதுகூட யாரிடமோ வாதாடுவது மாதிரி இருக்கிறது.

ஜூன் 14, சனி

முடிந்தது. கையில் டேப்லெட் வைத்துக்கொண்டு கணக்கெடுக்க ஒரு சின்னப் பெண் வந்தாள். வெயிலில் முகம் கறுத்துப்போயிருந்தது, மோர் கொடுத்தேன். தேசம்மா சொன்னபடியே சொன்னாள். கட்டைவிரல் வைத்தாள். அந்தப் பெண் அவளை வீட்டு வாசலில் நிறுத்திப் போட்டோ எடுத்தாள். நான் போட்டோவில் விழாமல் மாவு அண்டாவோடு தள்ளி நின்றுகொண்டேன்.

"நீங்க?" என்றாள் அந்தப் பெண்.

"தங்கச்சிம்மா. வந்துபோய் இருக்கிறோம்."

"அப்ப உங்களை எழுத வேணாம்ல?"

"வேணாம்மா, வேணாம். நாங்க இங்க இல்ல."

பக்கத்து வீட்டு அம்மாள் வேறு தாமாக வந்து, "தேசம்மா தங்கமான பொண்ணு, கல்யாணம் கட்டிக்கினு வந்த நாள்லேருந்து இங்கதான் கீறா" என்று இல்லாததையெல்லாம் சேர்த்துச் சொன்னாள். இலவச மாவு நன்றாக வேலை செய்கிறது.

மேலே மோகனா அழுதுகொண்டே உள்ளதைச் சொன்னாளாம். அந்தப் பெண் அதை அப்படியே எழுதிக்கொண்டு போய்விட்டாளாம். பூட்டும் போடவில்லை, சீலும் வைக்கவில்லை. இனிமேல்தான் வைப்பார்கள் என்கிறார் இவர்.

ஜூன் 16, திங்கள்

தேசம்மா ஊருக்குக் கிளம்புவாள் என்று பார்த்தால், திடீரென்று மறு சோதனை வரும், ஒரிஜினல் பார்ட்டியை அனுப்பிவிடாதீர்கள் என்று லாசர் சொல்லிவிட்டார். அவளிடம் சொன்னேன். "இருக்கேன்" என்றாள். ஒரு மறுப்பும் இல்லை. முகத்தில் வெளிச்சம் வந்த மாதிரிகூட இருந்தது. எனக்கு அதுதான் பிடிக்கவில்லை.

சும்மா உட்காரமாட்டேன் என்கிறாள். கிரைண்டர் கல்லைக் கழுவுகிறாள், உளுந்து தள்ளிவிடுகிறாள், வியாபாரத்தில் சில்லறை எடுத்துக் கொடுக்கிறாள். மத்தியானம் நாங்கள் இரண்டு பேர்தான். அவள் கோலங்கி மீன் வறுத்தால் சங்கவி தட்டை வழித்துச் சாப்பிடுகிறாள். நானும்தான்.

ஜூன் 19, வியாழன்

அரிசி ஊறவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். நான்தான் வாயைக் கொடுத்தேன். "இந்த வீட்டை ஏன்க்கா வித்தீங்க?" என்று கேட்டேன். பேச்சுக்குத்தான்.

"நான் எங்க வித்தேன்?"

பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போயிருந்தாளாம், பொன்னேரிப் பக்கம் ஒரு கிராமம். மூன்றாம் மாதம் புருஷன் வந்து கூட்டிப்போவது வழக்கம். அவன் வரவில்லை. இவளே குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வந்திருக்கிறாள்.

"இந்தக் கொடியில புதுசா ஒரு மஞ்சள் புடவை காஞ்சினு இருந்துச்சு. எதிர்ல குழாயடியில கேட்டேன். புதுசா கல்யாணமானவங்க வந்துகிறாங்க, வாங்கிட்டாங்கன்னு சொன்னாங்க. அவன் எங்க போனான்னு தேடிப் போயி கேட்டா, என் வீடு, நான் வித்தேன், நீ யாருடி கேக்கன்னு அடிச்சான். அவன் வீடுன்னுதான் நானும் நெனச்சேன். வாரியத்துல கைநாட்டு வெச்சது நான்தான். எதுக்கு வெச்சேன்னு யாரும் சொல்லல."

அப்புறம் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "நீ வந்து சொன்னப்புறம்தான் தேவகி, எம் பேர்ல கீதுன்னு எனக்கே தெரியும்."

அந்த மஞ்சள் புடவை என்னுடையது. தாலி பிரித்துக் கோர்த்த அன்றைக்குக் கட்டியது. 

இதை இவரிடம் நான் சொல்லவில்லை.

ஜூன் 20, வெள்ளி

மாவு பொங்கி அண்டாவுக்கு வெளியே வழிந்து தரையெல்லாம் ஓடியிருந்தது. அரிசியில் பாதி வீண். புத்தி எங்கேயோ இருக்கிறது.

ஜூன் 23, திங்கள்

மோகனா லட்டு கொண்டுவந்தாள். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

வாரியத்திலிருந்து புது உத்தரவு. வாங்கி ரொம்ப வருஷமாகக் குடியிருக்கிறவர்களுக்கும், கணக்கெடுப்பில் அப்படி எழுதியிருந்தால், அவர்கள் பேருக்கே பத்திரம் கொடுப்பார்களாம். ஒதுக்கீடு வாங்கியவர் தாமாக விற்றுவிட்டுப் போயிருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. சங்கச் சுவரில் பட்டியல் ஒட்டியிருக்கிறார்கள். மோகனா பேர் இருக்கிறது. உள்ளதைச் சொன்ன ஒவ்வொருவர் பேரும் இருக்கிறது. எங்கள் வீட்டுக்கு நேரே தேசம்மா என்று இருக்கிறது. குடியிருப்போர் ஒருவர்.

நாங்கள் இங்கே இல்லை. நானேதான் என் வாயால் சொன்னேன்.

லாசரைப் போய் உலுக்கினேன். "நான் எங்கம்மா சொன்னேன், அப்படி இருக்கலாம்னுதானே சொன்னேன்" என்கிறார். அன்றைக்கு அந்த நாற்காலி உடைந்திருக்கலாம்.

லட்டைச் சங்கவிக்கும் தேசம்மாவுக்கும் கொடுத்துவிட்டேன். தேசம்மா பாதியைப் பிட்டு எனக்கு வைத்திருந்தாள்.

ஜூன் 24, செவ்வாய்

தேசம்மாவுக்கும் விஷயம் எட்டிவிட்டது. குழாயடியில் பேசாத விஷயம் உண்டா? ஆனால் அவளுக்கு எட்டியது பாதிதான். வீடு தன் பேரில் உறுதியாகிவிட்டது என்று மட்டும் புரிந்துகொண்டிருக்கிறாள்.

உளுந்து கழுவிக்கொண்டே சொன்னாள், "நீ ஒண்ணும் பயப்படாத தேவகி. பத்திரம் வந்தாலும் நீங்க இங்கதான் இருக்கப்போறீங்க. நானும் ஒரு ஓரமா இருந்துக்கறேன். என் பொண்ணு திருப்பூர்ல பனியன் கம்பெனி ஹாஸ்டல்ல கீது. லீவு விட்டா எங்க வர்றதுன்னு கேக்குது. வர்றதுக்கு ஒரு இடம் இருந்தா போதும்."

ஒரு ஓரம். இந்த அறைக்கு நான்கு ஓரம். ஒன்றில் கிரைண்டர், ஒன்றில் அடுப்பு, ஒன்றில் பீரோ, ஒன்றில் சங்கவியின் புத்தகம். அவளுக்கு எது? அந்தப் பெண்ணுக்குக் கல்யாணமானால்? மருமகன் வந்து நின்றால்? யாரோ ஒரு நல்லவள் கொடுத்த வாக்கை நம்பி பெண்ணைப் பெற்றவள் இருக்க முடியுமா?

ஆனாலும் ஒன்று எழுதத்தான் வேண்டும். அவள் அதைச் சொன்னபோது எனக்கு அழுகை வந்தது.

ஜூன் 25, புதன்

வீட்டில் சண்டை. தேசம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்த நேரம்.

ஆட்சேபம் எழுதிக் கொடுக்க இந்த வாரம் அவகாசம் இருக்கிறதாம். தேசம்மா எப்போதோ விற்றுவிட்டுப் போய்விட்டாள், நாங்கள்தான் பத்தொன்பது வருஷமாக இருக்கிறோம் என்று எழுதிக் கொடுத்தால் விசாரிப்பார்கள். "எழுது" என்கிறார் இவர். "ஓசியில வாங்கினவங்க அவங்க. காசு குடுத்து வாங்கினவன் நானு. மேல்வீட்டுத் தண்ணி ஒழுகினப்ப பூசி அடைச்சவன் நானு. சாக்கடையைக் கையால அள்ளினவன் நானு. நேத்து வந்தவளுக்கு எழுதிக் குடுத்துட்டு நான் எங்க போவேன்?"

அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை.

சங்கவி புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினாள். "வாரியம் வீடு கட்டினதே வீடு இல்லாதவங்களுக்குத்தானே அப்பா? இப்ப யாருக்கு வீடு இல்ல?"

"நமக்குத்தான் இல்லாமப் போவப்போவுது, நீ படி" என்றார்.

அவள் கேட்டதிலும் பொய் இல்லை. இரண்டு பக்கமும் நியாயம் இருந்தால் வீட்டை எந்தப் பக்கம் வைப்பது? அதிகாரிகள் எல்லாம் இதற்கு ஏதோ ஒரு விதி வைத்திருப்பார்கள். எனக்கு ஒரு விதியும் அகப்படவில்லை. இவர் குடித்ததில்லை, சூதாடியதில்லை, நான் ஒரு நாள்கூட மாவு போடாமல் படுத்ததில்லை. அவளும்தான் யாருக்கு என்ன கெடுதல் செய்தாள்?

ஜூன் 26, வியாழன்

எழுதிக் கொடுத்தாயிற்று. மனு இவர் பேரில். இவருக்குக் கையெழுத்துக்கு மேல் எழுத வராது. எழுதியது நான்.

"மேற்படி தேசம்மா தனது முழுச் சம்மதத்துடன்" என்று எழுதும்போது பேனா நிற்கவில்லை. நிற்கும் என்று எதிர்பார்த்தேன்.

தேசம்மாவிடம் மண்டிக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனேன். வரும்போது மறக்காமல் அரிசியும் வாங்கிவந்தேன்.

ஜூன் 28, சனி

தேசம்மாவின் பைகளைப் பரண்மேல் ஏற்றித் தரட்டுமா என்று கேட்டேன், கால் இடறுகிறது என்று. "ஏத்திடு, இனிமே எதுக்குக் கீழ?" என்றாள். மீஞ்சூர் அறையைக் காலி செய்துவிட்டுத்தான் வந்தாளாம். வீட்டுக்காரர் தன் மகனுக்கு அந்த அறை வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தாராம். "நீ வந்து நின்னப்ப சாமி வந்து நின்ன மாதிரி இருந்துச்சு" என்றாள்.

குக்கர் எதற்கு என்று இப்போது புரிகிறது. முன்பே கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் என்ன செய்திருப்பேன்? ஒன்றும் செய்திருக்கமாட்டேன்.

ஜூலை 1, செவ்வாய்

விசாரணை நாளை மறுநாள். தேசம்மாவும் வர வேண்டும் என்று ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான். என்ன விசாரணை என்று கேட்டாள். "அந்த மறு சோதனைதான்க்கா" என்றேன். நல்ல புடவை ஒன்று இருக்கிறது, அதைக் கட்டிக்கொள்ளட்டுமா என்றாள்.

கட்டிக்கொள்ளுங்கள் என்றேன்.

 பிரஷர் மாத்திரையை ஒரு தடவை போட்டேனா இரண்டு தடவை போட்டேனா என்று தெரியவில்லை. வீடு போய்விட்டால் கிரைண்டரை எங்கே வைப்பேன், சங்கவி எங்கே உட்கார்ந்து படிப்பாள் என்று ஒரு பக்கம். வீடு வந்துவிட்டால் அவள் இந்தப் பைகளைத் தூக்கிக்கொண்டு எங்கே போவாள் என்று இன்னொரு பக்கம். எது நடந்தாலும் பயமாகத்தான் இருக்கிறது.

ஜூலை 3, வியாழன்

சமுதாயக் கூடத்தில் விசாரணை. அதிகாரி நல்ல மனுஷர். தேசம்மாவை நாற்காலியில் உட்காரச் சொன்னார். இவருடைய மனுவைச் சத்தமாகப் படித்தார். தேசம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். முதலில் புரியவில்லை, பிறகு புரிந்தது. புரிந்ததும் இவரைத்தான் திரும்பிப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. மனு இவர் பேரில் அல்லவா இருக்கிறது.

"இதுல ஒரே ஒரு விஷயம்தாம்மா" என்றார் அதிகாரி. "நீங்க தெரிஞ்சு வித்துட்டுப் போயிருந்தா வீடு இவங்களுக்கு. உங்களுக்குத் தெரியாம உங்க வீட்டுக்காரர் வித்திருந்தா வீடு உங்களுக்கு. நீங்க சொல்லுங்க."

"எனக்குத் தெரியாது சார். நான் பிரசவத்துக்குப் போயிருந்தேன்."

"அதுக்கு யாராவது சாட்சி இருக்காங்களா? அப்போ யார்கிட்டயாவது சொன்னீங்களா? போலீஸ்ல, வாரியத்துல?"

"சொல்லல சார். அவன் அடிப்பான்."  அப்புறம் முகம் தெளிந்து, என்னைக் கை காட்டினாள். "இந்தப் பொண்ணுகிட்ட எல்லாத்தையும் சொல்லிக்கிறேன். அவளுக்குத் தெரியும். அவ பொய் சொல்லமாட்டா. அவளைக் கேளுங்க."

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா. இவங்க சொல்றது உண்மையா?"

இவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவருக்கு அந்தக் கதையே தெரியாது. அந்தக் கூடத்தில் அது தெரிந்தவள் அவளும் நானும்தான்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது சார். சம்மதத்தோடதான் வித்துட்டுப் போனாங்கன்னு கேள்வி" என்றேன். குரல் நடுங்கவே இல்லை. மாவு கடன் கேட்பவர்களிடம் இல்லை என்று சொல்வேனே, அதே குரல்.

பக்கத்து வீட்டு அம்மாளைக் கூப்பிட்டார்கள். இந்தத் தேசம்மாவைப் போன மாதம்தான் முதன்முதலாகப் பார்த்தேன் என்று சத்தியம் செய்தாள். இந்தப் பாடமும் நாங்கள் சொல்லிக் கொடுத்ததுதான். அவளாவது இந்தத் தடவை உண்மையைச் சொன்னாள்.

அதிகாரி எழுதிக்கொண்டே, வாரிய வீட்டை விற்றவர் பட்டியலில் தேசம்மாவின் பேர் ஏறும் என்றும், இனி வேறெங்கும் அவள் வாரிய வீடு கேட்க முடியாது என்றும் சொன்னார். அவருக்கே சொல்ல வருத்தமாகத்தான் இருந்தது. பத்திரம் வீட்டுப் பெண்மணி பேரில் வரும், பேரைச் சொல்லுங்கள் என்றார். "எ. தேவகி" என்றேன்.

இவர் வண்டி எடுக்கப் போனார். நானும் தேசம்மாவும் கூடத்துப் படியில் நின்றோம். அவள் நல்ல புடவையின் முந்தானையைக் கையில் சுருட்டிச் சுருட்டி அவிழ்த்தாள். திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டியிருப்பேன். நிம்மதியாக இருந்திருக்கும்.

"நான் சொன்னதை நீ நம்பலியா தேவகி?"

"எனக்கு எப்படிக்கா தெரியும்? நெஜமா பொய்யான்னு நான் என்னத்தக் கண்டேன்?"

யோசித்தாள். மெதுவாகத் தலையை ஆட்டினாள்.

"அதானே. உனக்கு எப்படித் தெரியும்? நானா இருந்தாலும் நம்பியிருக்கமாட்டேன். நீ மனசுல ஒண்ணும் வெச்சுக்காத" என்று என் தோளைத் தட்டிக் கொடுத்தாள். பைகளை எடுத்துக்கொள்ள எனக்கு முன்னால் நடந்தாள்.

நான் நம்பினேன். அரிசி ஊறிக்கொண்டிருந்த அந்த மத்தியானமே, அவள் சொல்லி முடிப்பதற்குள்ளேயே, ஒரு எழுத்து விடாமல் நம்பினேன்.